ரயிலில் லக்கேஜ்: காட்பாடியில் ஏறுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடி ஜங்ஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால், சொந்தக்காரர்கள் உங்களைப் பாதி ரயில்வே ஊழியராகவே ஆக்கிவிடுவார்கள். குடியாத்தத்துச் சித்தி, ஆரணிப் பெரியப்பா, ராணிப்பேட்டை மச்சான் என்று யார் வெளியூர் கிளம்பினாலும் முதல் நாள் ராத்திரியே மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவார்கள். டிக்கெட்டைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை, அது போனிலேயே முடிந்துவிடுகிறது. கேட்பதெல்லாம் மூட்டையைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளையும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். தமிழில் சூட்கேஸும் பெட்டி, ரயிலின் பெட்டியும் பெட்டி. குழப்பம் வராமல் இருக்க, ரயில் பெட்டியைக் கோச் என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை கிலோ வரை சும்மா எடுத்துப் போகலாம்?

முதல் வகுப்பு ஏசியில் 70 கிலோ, செகண்ட் ஏசியில் 50 கிலோ, தேர்ட் ஏசி, ஏசி சேர் கார், ஸ்லீப்பர் மூன்றிலும் 40 கிலோ, ஜெனரல் உள்ளிட்ட இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. 5 முதல் 12 வயதுக் குழந்தைக்கு இதில் பாதி.

இது ஆளுக்கு. அப்பா, அம்மா, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் என நான்கு பேர் ஸ்லீப்பரில் போனால் 160 கிலோ. ஒரு சின்னக் குடித்தனத்தையே எடுத்துப் போய்விடலாம். அதனால் "எடை கூடிடுச்சோ" என்று பயப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எடை கூடியிருக்காது. அவர்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. கீழே வருகிறேன்.

ஸ்டேஷனில் எடை போட்டுப் பார்ப்பார்களா?

2025-ல் "விமான நிலையம் மாதிரி இனி ரயிலிலும் எடை போடுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. அதில் சொல்லப்பட்ட அளவுகள் ஒன்றும் புதிதில்லை. மேலே நான் சொன்ன அதே பழைய கணக்குதான்.

டிடிஆர் கையில் தராசு வைத்துக்கொண்டு வருவதில்லை. அவர் பார்ப்பது கண்ணளவு. நடைபாதையை அடைத்துக்கொண்டு மூட்டை கிடந்தாலோ, கதவோரம் சாக்குகள் அடுக்கியிருந்தாலோதான் கேள்வி வரும். கேள்வி வந்தபின் எடை போட வைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. நான் பார்த்தவரை, சீட்டுக்கு அடியில் ஒழுங்காகப் போன பெட்டியை யாரும் வெளியே இழுத்துப் பார்த்ததில்லை.

வீட்டிலேயே எடை பார்க்க என்ன வழி?

கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு கடைகளில் கிடைக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு அது தண்டச் செலவு. எங்கள் தெருமுனையில் பழைய பேப்பர் கடை இருக்கிறது. பெட்டியை அங்கே கொண்டுபோய்த் தராசில் வைத்துவிடுவேன். கடைக்காரர் முதல் தடவை, "என்ன சார், பெட்டியோட போட்டுடறீங்களா?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை, எடையை மட்டும் சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாள் கட்ட ஆரம்பித்துவிடுவார்.

கண்ணளவுக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால், 25 கிலோ அரிசிச் சிப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்டியைத் தூக்கும்போது அந்தச் சிப்பத்தைத் தூக்குகிற பாரம் தெரிந்தால், அதைப் பிரித்து இரண்டாக்குங்கள். சட்டம் அனுமதிக்கும், உங்கள் முதுகு அனுமதிக்காது.

எடை சரி. அளவுக்குக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. நிறையப் பேருக்குத் தெரியாதது இதுதான். கோச்சுக்குள் எடுத்துப் போகும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ட் ஏசி, ஏசி சேர் கார் என்றால் இன்னும் சின்னது: 55, 45, 22.5 செ.மீ. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டி கிட்டத்தட்ட இந்த அளவுதான். இதைவிடப் பெரியது, அதே வண்டியில் லக்கேஜ் ஏற்றுவதற்கென்று இருக்கும் கார்டு வேனில்தான் போக வேண்டும்.

நீளமும் அகலமும் யாருக்கும் தொல்லை கொடுப்பதில்லை. அந்த 25 செ.மீ.தான் வில்லன். கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய ட்ராலி சூட்கேஸை, சக்கரத்தோடு சேர்த்துப் படுக்க வைத்து, டேப் வைத்து அளந்து பாருங்கள். பலதும் 30-ஐத் தொடும். "கொஞ்சம்தானே" என்று தோன்றும். லோயர் பெர்த்துக்கு அடியில் அது பாதி நுழைந்து நின்றுவிடும்போது அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமி ராத்திரி முழுக்கக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்துக்கொண்டே வருவார்.

துணிப்பை இந்த விஷயத்தில் பெரிய வரம். அமுக்கினால் அமுங்கும், இடுக்கில் திணித்தால் நுழையும். ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பையைக் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு ரசிகன். ஆனால் அதில் 8 கிலோவுக்கு மேல் போட்டால் கைப்பிடி தையல் விட்டுவிடும், அதுவும் சரியாகப் படிக்கட்டில்தான் விடும்.

அளவைத் தாண்டிவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்?

முன்கூட்டியே லக்கேஜ் அலுவலகத்தில் சொல்லிக் கட்டினால், கூடுதல் எடைக்கு வழக்கமான லக்கேஜ் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு. சொல்லாமல் ஏறி மாட்டினால், இலவச அளவுக்கு மேல் கொஞ்சம் சலுகை இருக்கிறது (ஸ்லீப்பரில் 10 கிலோ). அதற்குள் என்றால் அதே ஒன்றரை மடங்கு, அதையும் தாண்டினால் ஆறு மடங்கு. 2018-ல் ரயில்வே சொன்ன ஓர் உதாரணம்: 500 கிலோமீட்டருக்கு ஸ்லீப்பரில் 80 கிலோ எடுத்துப் போகிறவர், கூடுதல் 40 கிலோவை முன்பே பதிந்தால் 109 ரூபாய், பதியாமல் மாட்டினால் 654 ரூபாய். இப்போது ரூபாய் மாறியிருக்கலாம், மடங்கு அதேதான்.

காசு கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும் இல்லை. இலவச அளவையும் சேர்த்து ஸ்லீப்பரில் 80, இரண்டாம் வகுப்பில் 70, செகண்ட் ஏசியில் 100 கிலோதான் உச்சம். தேர்ட் ஏசியில் உச்சமே 40. அங்கே காசு கட்டியும் வழியில்லை.

கார்டு வேனில் போட என்ன செய்ய வேண்டும்?

வண்டி கிளம்ப அரை மணிக்கு முன்னாலாவது லக்கேஜ் அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போய்விடுங்கள் என்பது என் பேச்சு. டிக்கெட்டைக் காட்டி, எடை போட்டு, காசு கட்டி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மூட்டையின் மேல் பெயர், ஊர், போன் நம்பர் அழியாத மையில் இருக்க வேண்டும். பழைய பயணத்தின் சீட்டு ஏதாவது ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள். இல்லையென்றால் மூட்டை பழைய ஊருக்கே ஒரு நடை போய்விட்டு வரும்.

காட்பாடியில் ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சென்னை சென்ட்ரலில் வண்டி கிளம்புவதற்கு முன்பே வந்து நிற்கும், நிதானமாக ஏற்றலாம். இங்கே நடுவழி. குறைந்த நேரம் நிற்கும் வண்டியில் வேன் கதவைத் திறந்து மூட்டை ஏற்ற நேரம் இருக்காது. எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், லக்கேஜ் வேறு, பார்சல் வேறு. லக்கேஜாகப் போட்டால் உங்கள் டிக்கெட்டோடு சேர்ந்து உங்கள் வண்டியிலேயே வரும். பார்சலுக்கு டிக்கெட்டே வேண்டாம், ஆனால் எந்த வண்டியில் இடம் இருக்கிறதோ அதில் வரும்.

காட்பாடியில் வண்டி ரெண்டு நிமிஷம்தான் நிற்குதே, இத்தனை மூட்டையோடு எப்படி ஏறுவது?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்துக்கே முக்கியமான கேள்வி இதுதான். கிலோ கணக்கு, செ.மீ. கணக்கு எல்லாம் இதற்கு அப்புறம். பல வண்டிகள் இங்கே இரண்டு மூன்று நிமிஷம், சில ஐந்து நிமிஷம் நிற்கும். அதற்குள் இறங்குகிறவர்கள் இறங்கி முடிக்க வேண்டும். இங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தவர்கள், கூடவே நடக்க முடியாத ஒருவர், ஒரு மாதத் தங்கலுக்கான பாத்திரம் பண்டம். அவர்களை அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. ஆக உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: ஒருவர் ஒரே நடையில் தூக்கிக்கொண்டு ஏற முடிவதுதான் அவருடைய லக்கேஜ். "இதை வெச்சுட்டு வந்து அதை எடுத்துக்கறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒத்திகையே நடக்கும். எல்லாவற்றையும் தோளில், முதுகில், கையில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஐந்து படி ஏறிக் காட்ட வேண்டும். போன கோடையில் பெரியப்பா இரண்டு கையிலும் பை, தோளில் ஒன்று, கக்கத்தில் மாங்காய்ச் சாக்கு என்று நின்றார். முதல் படியில் கால் வைத்தார். கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. அப்படியே நின்று சாக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சாக்கு எங்கள் வீட்டிலேயே தங்கியது, ஒரு வாரம் மாங்காய்ச் சாதம் சாப்பிட்டோம். ஒரு கை எப்போதும் காலியாக இருக்க வேண்டும், கோச் கைப்பிடிக்காக.

பிளாட்பாரத்தில் கோச் எங்கே நிற்கும் என்பதைப் பலகையில் பார்த்துக்கொண்டு, அதற்கு நேராக முன்பே போய் நில்லுங்கள். வண்டி வந்தபின் பெட்டியை இழுத்துக்கொண்டு எட்டு கோச் தூரம் ஓடுவதில்தான் பாதி விபத்துகள். கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாற்றி அறிவித்தால் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும், அதற்கும் மூச்சு மிச்சம் வைத்திருங்கள். ஏறும்போது முதலில் ஒரு ஆள், அப்புறம் மூட்டைகள், அப்புறம் குழந்தைகள், வயசானவர்கள், கடைசியில் இன்னொரு ஆள். மூட்டையை மட்டும் ஏற்றிவிட்டு ஆள் கீழே நிற்பது கூடவே கூடாது. வழியனுப்ப வந்தவர்கள் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்குகிறேன் என்று ஏறுவதும் வேண்டாம். என் மச்சான் ஒருவர் அப்படி ஏறி ஜோலார்பேட்டை வரை போய், அபராதத்தோடு திரும்பி வந்தார்.

மூட்டை ஏறவில்லை என்றால் சங்கிலியைப் பிடித்து இழுக்கலாமா?

வேண்டாம். தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமே கூட உண்டு. "ஊறுகாய் ஜாடி கீழேயே நின்னுடுச்சு" என்பதைத் தகுந்த காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எதையெல்லாம் எடுத்துப் போகவே கூடாது?

கேஸ் சிலிண்டர் (காலி சிலிண்டரும்கூட), பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆசிட், பட்டாசு. சுருக்கமாக, பற்றுவதும் வெடிப்பதும் அரிப்பதும். மீறினால் 164-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் ஏற்படும் நஷ்டத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இதை மட்டும் நான் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாக் கோச் ஒன்று விடிகாலையில் எரிந்தது. லக்னோவிலிருந்து கோயில்களைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். சமையலுக்காக யாருக்கும் தெரியாமல் உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் இறந்தார்கள். டீ போடத்தானே என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள்.

தீபாவளி நேரத்தில் "பேரனுக்கு ரெண்டே ரெண்டு மத்தாப்புப் பெட்டி" என்பதும் இதே கணக்கில்தான் வரும். குடியாத்தம்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: தீப்பெட்டி பண்டல் பண்டலாக எடுத்துப் போக வேண்டாம்.

நாற்றமடிக்கும் பொருள்களுக்கும் தடை உண்டு. அந்தப் பட்டியலில் ஈரத்தோல் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துப் பதனிடும் தொழிற்சாலைகளைத் தாண்டி ஒரு தடவை நடந்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

நோயாளியை அழைத்துப் போகிறோம். ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி எல்லாம் விடுவார்களா?

மருத்துவர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் இருந்தால் நோயாளிக்கான ஆக்சிஜன் சிலிண்டரை அவர் கூடவே கொண்டுபோகலாம். சமையல் சிலிண்டருக்கான தடை இதற்கு இல்லை. சான்றிதழை மருத்துவமனை ஃபைலுக்குள் வைத்துவிட்டு, ஃபைலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். சட்டைப் பையில் இருக்கட்டும்.

மடக்கும் சக்கர நாற்காலி என்றால் சிரமம் குறைவு. ஆனால் மடக்கிய நாற்காலிக்கும் இடம் வேண்டும் என்பதை யோசித்து மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை உருட்டாமல், ஒரு அட்டையோடு சேர்த்துத் துணிப்பையில் போட்டு ஜன்னல் பக்கக் கொக்கியில் மாட்டிவிட்டால் கசங்காது. இறங்கும்போது அதை மறந்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு, அதனால் பையின் வாரை நோயாளியின் செருப்போடு கட்டி வைக்கச் சொல்வார் என் அம்மா. செருப்பு இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் இல்லையா.

ஊறுகாய், எண்ணெய், பிரியாணி?

எடுத்துப் போகலாம். அடுத்தவர் பொருளின் மேல் ஒழுகிக் கெடுக்கும்படி எண்ணெய், நெய், பெயின்ட் மாதிரியானவற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் விதி. எனவே எல்லாம் மூடியில் இருக்கிறது.

இதில் நான் குற்றவாளி. ஒரு தடவை கோவைக்குப் போகும்போது அக்காவுக்காக அம்மா போட்ட மாங்காய்த் தொக்கை எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போனேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. திருப்பத்தூர் தாண்டியதும் காரநெடி மெல்ல வர ஆரம்பித்தது. எதிர் சீட்டுக்காரர் குனிந்து தன் வெள்ளை வேட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார், அடிப்பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று நல்லெண்ணெய். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து திருகு மூடி பிளாஸ்டிக் டப்பா, மூடிக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாள், வெளியே இரண்டு கவர், அதை நிமிர்த்தி நிறுத்த ஒரு சின்ன பக்கெட். பக்கெட் போகிற ஊரில் எப்படியும் உதவும்.

ஆம்பூர் பிரியாணியை வாங்கிய சூட்டிலேயே மூடிக் கட்டினால் ராத்திரிக்குள் புளித்த வாடை வந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு மூடுங்கள். கத்தரிக்காய்க் கொத்சுவைத் தனியாகக் கட்டுங்கள். ஆற்காடு மக்கன்பேடா பாகில் ஊறியது என்பதால் டப்பாவைச் சாய்க்கக் கூடாது, மடியில்தான் வர வேண்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கேட்கும் வெளியூர்ச் சொந்தம் எல்லாருக்கும் உண்டு. காம்பு முள் மெல்லிசு கவரைக் கிழித்துவிடும், செய்தித்தாளில் சுற்றித் துணிப்பையில் போடுங்கள்.

வியாபாரச் சரக்கைச் சொந்த லக்கேஜாக எடுத்துப் போகலாமா?

கூடாது. குடியாத்தம் லுங்கியோ ஆம்பூர் ஷூவோ, விற்பதற்கான சரக்கு என்றால் பார்சலில்தான் போக வேண்டும். சொந்தத்துக்கு ஐந்து லுங்கி எடுத்துப் போகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். ஐம்பது லுங்கியைக் கோணியில் தைத்து, மேலே பெயின்ட்டில் கடைப் பெயர் எழுதிக் கொண்டுபோய் "கல்யாணத்துக்குங்க" என்று சொன்னால் கேட்பார்கள்.

சீர்வரிசைக்கு இது பொருந்தாது. அண்டா, குத்துவிளக்கு எல்லாம் வீட்டுப் பொருள்தான். விளக்கைக் கழற்றித் தண்டு தனி, தட்டு தனியாகப் புடவையில் சுற்றி, அண்டாவுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வாய் அகலமான அண்டா சீட்டுக்கு அடியில் நுழையாது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

திருட்டுப் போனால் ரயில்வே பொறுப்பா?

கையோடு கொண்டுபோகும் லக்கேஜுக்குப் பொறுப்பு நீங்கள்தான். ரயில்வே சட்டம் 100-வது பிரிவுப்படி, பதிந்து ரசீது வாங்கிய லக்கேஜுக்குத்தான் ரயில்வே பொறுப்பு. கையோடு வந்தது தொலைந்தால், ரயில்வே ஊழியர்களின் அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோதான் போனது என்று நிரூபிக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த 1 லட்சம் ரூபாய் ரயிலில் திருடு போனதாக ஒரு பயணி தொடர்ந்த வழக்கில், அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பதிந்த லக்கேஜ் தொலைந்தாலும், அதன் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்காவிட்டால் கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சம். பட்டுப்புடவைப் பெட்டியை அந்தக் கணக்கில் விட மனசு வருமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லோயர் பெர்த்துக்கு அடியில் கம்பி வளையம் இருக்கும். சங்கிலி, பூட்டு வாங்கி அதில் கோத்துவிடுங்கள். கைப்பிடியில் மட்டும் கோக்காமல் ஜிப்பின் வளையத்தையும் சேர்த்துக் கோக்க வேண்டும். சாவியைச் சங்கிலி கட்டிய பையிலேயே வைத்துப் பூட்டியவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். நகை, பணம், போன் மூன்றும் உடம்போடு. ஜன்னலோரம் உட்கார்ந்து போன் பேசுகிறவர்கள் வண்டி ஸ்டேஷனை விட்டு மெதுவாக நகரும் நேரத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

திருட்டுப் போய்விட்டால் வழியில் இறங்கி அலைய வேண்டாம். ஓடும் வண்டியிலேயே டிடிஆரிடமோ பாதுகாப்புக்கு வரும் போலீஸாரிடமோ புகார்ப் படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தால், அவர்களே அடுத்த ரயில்வே போலீஸ் நிலையத்தில் சேர்ப்பார்கள்.

பையை வண்டியிலேயே மறந்துவிட்டு இறங்கிவிட்டேன்!

உடனே 139. அல்லது ரயில்மதத் செயலி. பிஎன்ஆர், கோச், சீட் நம்பர், பையின் நிறம் சொல்லுங்கள். அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஏறித் தேடி எடுத்து வைப்பார்கள், டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் காட்டி வாங்கிக்கொள்ளலாம். "கறுப்பு பை" என்று சொன்னால் அந்தக் கோச்சில் நாற்பது இருக்கும். ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி வையுங்கள். கிளம்பும்போது பெட்டியைத் திறந்து வைத்து உள்ளே இருப்பதோடு போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாய், பூனை?

முதல் வகுப்பு ஏசியில் தனி கேபினையோ கூபேயையோ (இரண்டு பேருக்கான சின்ன அறை) முழுசாக எடுத்தால் நாய் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு வேனில் அதற்கென்று உள்ள கூண்டில். தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஸ்லீப்பரிலோ தேர்ட் ஏசியிலோ கூடைக்குள் மறைத்துக் கொண்டுபோகும் யோசனை வேண்டாம், குரைக்கும்.

பைக்கை அனுப்ப?

லக்கேஜாகவும் போடலாம், பார்சலாகவும் போடலாம். ஆர்.சி. புத்தக நகல், அடையாள அட்டை, டேங்க் சுத்தமாகக் காலி. கோணிச் சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்ட வேண்டும், குறிப்பாக ஹெட்லைட், கண்ணாடி, டேங்க் பக்கம். மகனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுப் பைக்கை அனுப்புகிறவர்கள், அங்கே போய்ச் சேர்ந்த பின் பெட்ரோல் போட ஒரு காலி பாட்டிலை அவன் பையில் வைத்துவிடுங்கள். காலி, கவனம்.

திருவண்ணாமலை வண்டியில் லக்கேஜோடு போகலாமா?

சாதாரண நாளில் தாராளமாக. வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போகும் பாதை அது. பௌர்ணமி அன்று மட்டும் கிரிவலக் கூட்டம் ஏறும். அன்றைக்குச் சூட்கேஸோடு ஏறினால் நீங்கள் ஒரு பக்கம், சூட்கேஸ் ஒரு பக்கம் போய்ச் சேருவீர்கள். பஸ்ஸைப் பாருங்கள், இல்லை மறுநாள் போங்கள்.

காட்பாடிக்கு வராமல் வாலாஜா ரோட்டிலேயே ஏறிவிட்டால் கூட்டம் குறைவாக இருக்குமே?

உங்கள் வண்டி அங்கே நின்றால் நல்ல யோசனைதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது அங்கேதான். அந்தப் பெருமை இருந்தும் பெரிய வண்டிகள் பலவும் இப்போது அங்கே நிற்பதில்லை. நிற்கிற வண்டி என்றால், ராணிப்பேட்டைக்காரர்கள் மூட்டையோடு காட்பாடி வரை வந்து திரும்ப அதே வழியில் சென்னைக்குப் போவதில் அர்த்தமில்லை. என் மச்சானிடம் இதைச் சொன்னால், "அங்க உங்க வீட்டு டிபன் கிடைக்காதே" என்கிறார்.

போர்ட்டர் வைத்துக்கொள்ளலாமா?

வயசானவர்களோடு போனால் கண்டிப்பாக. சிவப்புச் சட்டை, கையில் எண் பொறித்த பட்டை. கட்டணம் ஸ்டேஷனில் எழுதிப் போட்டிருக்கும், இருந்தாலும் தூக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கோச் நம்பரைச் சொன்னால் எங்கே நிற்கும் என்று பலகையைப் பார்க்காமலே கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஐந்து ஐந்து ரூபாயாகப் பேரம் பேசும் பெரியப்பாவிடம் ஒருவர் ஒரு தடவை கேட்டார்: "ஐயா, நீங்க தூக்கிப் பாத்தீங்களா?" பெரியப்பா தூக்கிப் பார்த்தார். கேட்டதைக் கொடுத்துவிட்டார்.